ஆடிச் செவ்வாயும் ஒரு கவுன்சில் கடிதமும்

1

நாஞ்சில் நாட்டுப் பெண்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் படித்தால் அவர்களுக்கு எதையும் விளக்க முடியாது. ஔவையார் நோன்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வருகிற தொல்லை இது.

சொல்லக்கூடியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆடி, தை, மாசி மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில் வரும் நோன்பு. பெண்கள் மட்டும் இருப்பார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை செய்வார்கள். ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். கொழுக்கட்டையை மிச்சம் வைக்காமல் பெண்களே தின்று முடிக்க வேண்டும். ஆண் என்றால் தொட்டில் பிள்ளையாக இருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடாது. பார்க்கக்கூடாது, தின்னக்கூடாது, கதை காதில் விழக்கூடாது. கொழுக்கட்டையை என்னென்ன வடிவத்தில் பிடிப்போம், கதை என்ன என்பதெல்லாம் இங்கே வராது. இதை வாங்கி அச்சுக்குக் கொடுக்கப்போகிறவரும் ஆண்தான்.

நேற்று இந்த ஆடியின் கடைசிச் செவ்வாய். இன்று ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளையில், பணியாளர் அறையின் மூலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது. இந்த ஆடி என்னை ஒரு வழி பண்ணிவிட்டது.

2

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்கே ஒரு கடற்கரை நகரம். நான் நர்ஸ். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் வேலைக்கு வந்தேன், என் கணவர் சிவதாணு என்னோடு வந்தார். இந்த வாக்கியத்தை விசா விண்ணப்பத்தில் எழுதும்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

தக்கலையில் அவருக்குப் பந்தல், பாத்திர வாடகைக் கடை இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணமோ, செத்தவருக்குப் பதினாறாம் நாள் அடியந்திரமோ, கோயில் கொடைத் திருவிழாவோ அவரைக் கேட்காமல் நடக்காது. எத்தனை பந்தி, எந்தப் பக்கம் இலை போடுவது, பாயசத்துக்கு எத்தனை வார்ப்புப் பாத்திரம் என்று அவர் சொன்னால் சமையல்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். கொடை நாட்களில் ராத்திரி வீட்டுக்கே வரமாட்டார். வந்தாலும் பின்னால் நாலு பேர் வருவார்கள். இங்கே அவர் மீன் பதனிடும் கொட்டகையில் அட்டைப் பெட்டி மடிக்கிறார். அதிகாலை நாலு மணி ஷிப்ட். கம்பெனி வேன் வந்து அழைத்துப் போகும். மத்தியானம் திரும்பி வந்து இரண்டு தடவை குளிப்பார். சாயங்காலம் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.

சமையலறைச் சுவரில் நாகர்கோவிலிலிருந்து அண்ணன் அனுப்பிய தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தாள் கிழிப்பது என் கணவரின் வேலை. தமிழ்த் தேதிக்குப் பக்கத்தில் மலையாளக் கணக்கான கொல்ல வருஷத்துத் தேதியும் போட்டிருக்கும். செவ்வாய் என்றால் மூன்று முதல் நாலரை ராகுகாலம். அது ஊருக்குச் சரி. இங்கே ஆடி மாதத்தில் பதினாறு பதினேழு மணி நேரம் பகல். அதை எட்டாக வகுத்துப் பார்த்தால் ராகுகாலமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். முதல் வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிறகு விட்டுவிட்டேன். அவ்வளவு நேரம் நல்ல காரியம் செய்யாமல் இருந்தால் என் வார்டில் யாருக்கும் மருந்து போய்ச் சேராது.

நோன்புக்கு அடுத்த சிக்கல் இருட்டு. ஊரில் ஆண்கள் படுத்து உறங்கிய பிறகு தொடங்குவார்கள். இங்கே ஆடியில் ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தாழக்குடியில் இருக்கிற என் மதினியிடம் போனில் கேட்டேன். அண்ணன் மனைவி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நோன்பு விஷயத்தில் எனக்கு அவள்தான் கோர்ட்டு. அவள் யோசிக்கவே இல்லை. ஔவையாரம்மன் கோயில் இருப்பது இந்தப் பக்கம்தானே, இங்கே ஊரடங்கினால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஊரில் இரவு பத்தரை என்றால் இங்கே சாயங்காலம் ஆறு. அன்றிலிருந்து ஆடிச் செவ்வாய்களில் நட்ட வெயிலில், ஆறு முதல் ஒன்பது வரை எங்கள் வீட்டு நோன்பு.

அந்த மூன்று மணி நேரமும் அவர் வெளியே இருக்க வேண்டும். முதல் வருஷம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனார். அந்த நண்பர் லண்டன் பக்கம் போய்விட்டார். அடுத்த வருஷம் கடற்கரைக்குப் போனார், காற்று தாங்கவில்லை. அப்புறம் காரே போதும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு எதிரில் தெருவோரம் கார் நிற்கும். உள்ளே உட்கார்ந்து போனில் வில்லுப்பாட்டுக் கேட்பார். முடிந்ததும் நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், மேலே வருவார். தைச் செவ்வாயில் பனிக்குப் பயந்து இன்ஜினை ஓடவிட்டு இருப்பார்.

விடுப்பு கேட்பது இன்னொரு கூத்து. ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில் மத விடுப்புக்கென்று ஒரு பட்டியல் உண்டு. தீபாவளி இருக்கிறது. மற்றவை என்று ஒரு கட்டமும் இருக்கிறது. அதில் பண்டிகையின் பெயர் கேட்டிருந்தார்கள். நான் செவ்வாய்க்கிழமை என்று எழுதினேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் வருகிறதே என்றார். அதன்பிறகு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன், விடுப்புக் கேட்பதில்லை.

3

இவ்வளவு பாடுபட்டு எதற்கு இந்த நோன்பு என்று கேட்டால், அது அவருக்காக.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு தை மாதம், மீன் கொட்டகையில் வேலைக்கு நடுவே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு. உள்ளே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு எல்லாம் தெரியும். எத்தனை நிமிஷம் ஆகும், எதெல்லாம் தவறலாம், ஈ.சி.ஜி. கோடு எங்கே ஏறினால் கெட்டது, எல்லாம். தெரியாதவளாக இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான் விரலால் காட்ட அவர் போட்டார். கதவு மூடியது. நடைபாதையில் காப்பி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யூனிபாரத்தோடு, ஔவையாரம்மனிடம் நேர்ந்துகொண்டேன். ஆளை உயிரோடு தந்துவிடு, ஒரு வருஷமும் தப்பாமல் நோன்பு இருக்கிறேன் என்று.

பிழைத்தார். நன்றாகவும் இருக்கிறார். மருந்து பாதி, அம்மன் பாதி என்று நான் பங்கு பிரிப்பதில்லை. மாத்திரையையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இந்த நேர்ச்சையை அவரிடம் சொல்லவில்லை. முதலில் பயப்படுவார் என்று சொல்லவில்லை. பிறகு, நோன்பே ஆணுக்கு மறைவு, அப்படியென்றால் நேர்ச்சையும் மறைவு, சொன்னால் பலிக்காமல் போய்விடும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

தொடக்கத்தில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். நாகர்கோவில்காரி ஒருத்தி, பூதப்பாண்டிக்காரி ஒருத்தி, நான், என் மகள் ஆதிரை. முதலாமவள் ஆஸ்திரேலியா போய்விட்டாள். இரண்டாமவளுக்கு ஆண் பிள்ளைகள் இரண்டு. அவர்களை விட்டுவிட்டு வர முடியவில்லை, நின்றுவிட்டாள். பிறகு நானும் ஆதிரையும்.

ஆதிரைக்குப் பத்தொன்பது வயது. வேறு நகரத்தில் கல்லூரி. கோடை விடுமுறைக்கு வந்தவள் இந்த ஆடி முதல் செவ்வாயன்று, நான் இதில் உட்காரமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவை அவர் வீட்டிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டு அப்படி என்ன சாமி என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதை மறைவு என்று வைத்திருந்தேனே. கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கதையைக் கேட்க ஒருத்தியாவது வேண்டும். நான் அவளுடைய அறைக் கதவுக்கு முன்னால் தரையில் இருந்து, மூடிய கதவிடம் கதையைச் சொல்லி முடித்தேன். பதினோரு கொழுக்கட்டையையும் ஒருத்தியாகத் தின்றேன். உப்பில்லாத கொழுக்கட்டையைத் தனியாக இருந்து தின்று பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

4

இரண்டாவது செவ்வாயன்றுதான் வினை வந்தது.

எதிர்வீட்டில் மார்கரெட் என்று ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். நல்லவள். பனி நாளில் எங்கள் படிக்கும் சேர்த்து உப்புப் போடுவாள். வீட்டுக்கு முன்னால் ஒரு மனிதன் வெயிலில் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அன்று ஒரு கோப்பை தேநீரோடு இறங்கி வந்து, ஏன் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறாய் என்று கேட்டாள்.

என் கணவரின் ஆங்கிலம் கொட்டகைக்குப் போதும். இதற்குப் போதாது. அவர் சொன்ன பதில் இது: செவ்வாய்க்கிழமை என் மனைவி என்னை வெளியே அனுப்புவாள். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியக்கூடாது. அவள் போன் பண்ணினால்தான் நான் போகலாம். ஒன்றும் பிரச்சினை இல்லை, பழகிவிட்டது.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இலக்கணப் பிழையும் இல்லை. கேட்ட கிழவியின் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார், பாசமுள்ள மனுஷியாக்கும் என்று.

மூன்றாம் நாள் ஊர் நிர்வாகம் பார்க்கிற கவுன்சிலிலிருந்து போன் வந்தது. பெரியவர்களைக் கொடுமையிலிருந்து பாதுகாக்கிற பிரிவாம். உங்கள் கணவரின் நலம் குறித்து ஒருவர் கவலை தெரிவித்திருக்கிறார், வீட்டுக்கு வந்து பேச வேண்டும் என்றார்கள். ஒரு நர்சின் மேல் இப்படி ஒரு புகார் நிரூபணமானால் நர்ஸ் பதிவு போகும். பதிவு போனால் வேலை போகும். ஒன்பது வருஷம் மற்றவர்களுடைய அப்பா அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, கடைசியில் புருஷனைக் கொடுமைப்படுத்தினவள் என்ற பெயரோடு தக்கலை பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்குவதாக மனது ஓடியது.

இரண்டு பேர் வந்தார்கள். ஓர் இளைஞன், ஐம்பது வயதில் ஒரு பெண். மரியாதையானவர்கள், செருப்பை அவர்களாகவே கழற்றினார்கள். என்னையும் அவரையும் தனித்தனி அறையில் விசாரிக்க வேண்டும் என்றார்கள். என் பக்கம் முதலில் அந்த இளைஞன் உட்கார்ந்தான். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டான். அங்கேதான் என் புத்தி போயிற்று. நீங்கள் ஆண், உங்களிடம் சொல்ல முடியாது என்றேன். அவன் முகம் சிவந்துபோய், அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

பிறகு அந்தப் பெண் வந்து அமர்ந்தாள். அரிசி மாவு, கொழுக்கட்டை, கதை என்று சொன்னேன். என்ன கதை என்றாள். எழுதுவீர்களா என்று கேட்டேன். எழுத வேண்டும், என் மேலதிகாரி வாசிப்பார் என்றாள். மேலதிகாரி ஆணா பெண்ணா என்றேன். ஆண் என்றாள். அப்படியென்றால் முடியாது என்றேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

மற்ற கேள்விகளும் வந்தன. அவருடைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? என்னிடம், அவர் தொலைத்துவிடுவார். அவருக்கு வருகிற கடிதங்களை யார் பிரிப்பது? நான், அவருக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமம். மருந்தை யார் எடுத்துக் கொடுக்கிறது? நான். டாக்டரிடம் அவர் சார்பாக யார் பேசுகிறார்? நான். நண்பர்கள் உண்டா? யோசித்துப் பார்த்தேன். ஒருவர் இருந்தார், லண்டன் போய்விட்டார். ஒவ்வொரு பதிலும் உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே நான் ஒரு ஜெயிலர் போலத் தெரிந்தேன்.

அடுத்த அறையில் அவரிடம் போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினார்கள். வீட்டு ஆள் மொழிபெயர்க்கக்கூடாது என்று ஆதிரையையும் அனுப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு சொல். அப்புறம் நீளமாக. நடுவில் ஒருமுறை சிரித்தார். நாற்பது நிமிஷம் பேசினார். இந்த வீட்டில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அவர்கள் போன பிறகு என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் போன்ல பேசுன பொண்ணு மார்த்தாண்டம் பக்கமாக்கும் போல. பேச்சக் கேட்டாலே தெரியும்லா” என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் முகம் தெளிச்சமாக இருந்தது.

மூன்றாவது செவ்வாய்க்கு நான் நோன்பு இருக்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தப்பவிட்டேன். ஆறு மணிக்கு அவர் பழக்கப்படி கார்ச் சாவியை எடுத்தார். இன்றைக்கு வேண்டாம் என்றேன். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அன்று ராத்திரி அவர் மூச்சுவிடுவதை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

5

கடிதம் அதற்கடுத்த சனிக்கிழமை வந்தது. உறையில் அவர் பெயர். வழக்கம்போல அவர் அதைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். வழக்கம்போல நான் சமையலறை மேசையில் இருந்து தமிழில் வாசித்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் எதிரில் இருந்து சாம்பாருக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

ஆபத்து எதுவும் தென்படவில்லை, கோப்பு மூடப்படுகிறது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது பத்தியில் வழக்கத்தைப் பற்றி இரண்டு வரி. குடும்பத்துப் பெண்கள் அரிசிப் பண்டம் செய்து ஒரு கதை சொல்கிறார்கள், கதை இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். மனதுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். மூன்றாவது பத்தி, திரு. சிவதாணு தெரிவித்தவை. அங்கே என் வாய் நின்றுவிட்டது.

“என்ன, நின்னு போச்சு?”

“ஒண்ணுமில்ல. ஃபைல மூடிட்டாங்களாம்.”

“நான் சொன்னது அதுல இருக்கா?”

“இருக்கு.”

“அப்பம் வாசி. அந்தப் பொண்ணு சரியாச் சொன்னாளான்னு பாக்கணும்லா.”

வாசித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வெளியே இருப்பது தனக்கு வருத்தம் தரவில்லை என்று திரு. சிவதாணு தெரிவித்தார். அந்த நாட்களில் எதற்காக வெளியே இருக்கிறோம் என்பதும், எப்போது உள்ளே அழைக்கப்படுவோம் என்பதும் தனக்குத் தெரியும் என்றார். மற்ற நாட்களில் இவை இரண்டும் தெரிவதில்லை என்றும் தெரிவித்தார்.

அது ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் கடிதத்தில் இருந்த மாதிரிதான் சொன்னேன். சொல்லும்போதே அவர் உண்மையில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று காதில் கேட்டுவிட்டது. அதையும் சொன்னேன்.

“செவ்வாக்கெழம எதுக்கு வெளிய இருக்கேன்னு தெரியும். எப்பக் கூப்பிடுவான்னும் தெரியும். மத்த நாளுதான் ரெண்டும் தெரியாதுன்னு சொன்னியளா?”

அவர் கையிலிருந்த உள்ளியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். “சரியாத்தான் சொல்லியிருக்கா” என்றார்.

குறை சொல்கிற தொனி இல்லை. சமையல்காரரிடம் உப்புச் சரிதான் என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். அழுதேன் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. இருபது வருஷமாக ஒரே மெத்தையில் படுக்கிற மனுஷனின் மனதைக் கவுன்சில் முத்திரை போட்ட காகிதத்தில் படிக்க வேண்டியிருந்தது. அவரைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது மடித்த மடிப்பு மாறியிருந்தது. ஆதிரை வாசித்திருக்கிறாள்.

6

மதினியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நோன்பு ஒன்று தப்பிவிட்டது, நேர்ச்சையைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலும் முடியவில்லை, இதில் எது பெரிய குற்றம் என்று கேட்டேன். அவள் அந்தப் பக்கம் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏட்டி, ஆம்பளைக்குச் சொல்லப்பிடாதது கதையாக்கும். நோன்பு யாருக்காக இருக்கோம்னு சொல்லப்பிடாதுன்னு எவ ஒனக்குச் சொன்னா? எனக்க வீட்டுல ஒங்க அண்ணன் நோன்பு அண்ணைக்குக் காலைலயே கேப்பாரு, இன்னைக்கு எனக்கா பிள்ளையளுக்கான்னு.”

எவளும் சொல்லவில்லை. நானாகப் பூட்டினேன். பூட்டே இல்லாத இடத்தில் ஏழு வருஷமாகச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நேற்று ஆறு மணிக்கு அவர் சாவியை எடுத்தார். நான் மாவை எடுத்தேன். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றி ஏற்றும்போது ஆதிரை அறைக் கதவு திறந்தது. குளித்துத் தலை ஈரமாக வந்து தரையில் உட்கார்ந்தாள். ஹெட்போன் இல்லை. மாவில் கை வைப்பதற்கு முன்னால், “அப்பாவுக்கா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் அவள் பிடித்த கொழுக்கட்டைகளின் வடிவத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதை இங்கே எழுத முடியாது. கதையை முழுசாகக் கேட்டாள். இடையில் இரண்டு கேள்வி கேட்டாள். இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். அதுவும் இங்கே வராது. பதினைந்து கொழுக்கட்டையில் ஒன்பதை அவளே தின்றாள்.

ஒன்பது மணிக்கு மிஸ்டு கால் கொடுக்கப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். கை கழுவிவிட்டுக் கீழே இறங்கினேன். அந்தி வெளிச்சம் இன்னும் மார்கரெட் வீட்டு ஜன்னலில் இருந்தது. அவளும் ஜன்னலில் இருந்தாள். கை காட்டினேன், அவளும் காட்டினாள்.

காரின் முன் கதவைத் திறந்தால் அவருக்குப் பக்கத்து சீட் முழுக்க அவருடைய சாமான். தண்ணீர்க் குப்பி, கண்ணாடிக் கூடு, ஒரு துண்டு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஒரு ஆள் குடியிருக்கிற இடம் மாதிரி இருந்தது. ஏழு வருஷத்தில் செவ்வாய்க்கிழமை நான் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. அவர் அவசர அவசரமாக எல்லாவற்றையும் அள்ளிப் பின்னால் போட்டார்.

“எதுக்கு எறங்கி வந்த? போன் அடிச்சாப் போதுமே. பிள்ளைக்கு எதாவதா?”

பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றேன். உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். வில்லுப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார். எப்படித் தொடங்குவது என்று படிக்கட்டில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“இந்த நோன்பு ஒங்களுக்காக்கும்” என்றேன். “ஒங்களுக்கு நெஞ்சு வேதனை வந்த அண்ணைக்கு நேந்தது. ஏழு வருஷமாட்டு ஒங்களுக்குத்தான் இருக்கேன். இவ்வளவு நாளும் சொல்லல்ல.”

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல. எதிரே தெரு காலியாகக் கிடந்தது.

“நான் பிள்ளைக்கப் படிப்புக்குன்னுல்லா நெனச்சேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “அப்பமே சொல்லியிருந்தா நானும் இஞ்ச இருந்து பைய அம்மையக் கும்பிட்டிருப்பேம்லா. சும்மால்லா இருந்துட்டேன், ஏழு வருஷம்” என்றார்.

கடிதத்தில் இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அதை எடுக்கவில்லை. மற்ற ஆறு நாளை ஒரு சாயங்காலத்தில் சரிபண்ண முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவர் படுக்கிற நேரம் தாண்டியிருந்தது. மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும், மேலே போகலாம் என்றேன். இரு, போவோம் என்றார். வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கும் வரைக்கும் இருந்தோம்.

படி ஏறும்போது அடுத்தது எப்போது என்று கேட்டார். தையில்தான் என்றேன். தைச் செவ்வாயில் இங்கே கண்ணாடியில் பனி உறைந்து நிற்கும், இன்ஜினை ஓடவிட்டாலும் கால் விறைத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்று காலை அவர் வேனில் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பக் காரைத் திறந்தேன். முன் சீட் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பின் சீட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளியை நாலாக மடித்து வைத்திருந்தார். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.